கீழே கார், மேலே படம், நடுவில் கண்டக்டர்

எல்லாத் தொழிலுக்கும் கை வேண்டும். அடுத்தவர் கையைத் தடுப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, அதைத்தான் நான் பார்க்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற நெடுஞ்சாலையில், ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் மியூசியம் இருக்கிறது. முதலாளி அரிசி மில் நடத்தி ஓய்ந்தவர். மில் கட்டடத்தைப் புதுப்பித்து, ஆயுசு முழுக்கச் சேர்த்த பழைய கார் இருபதைக் கீழே நிறுத்திவிட்டார். மாடியில் ஏசி போட்டு ஓவியங்களை மாட்டிவிட்டார். நான் இதே ரோட்டில் பத்தொன்பது வருஷம் தனியார் பஸ் கண்டக்டர். முட்டி தேய்ந்துபோய், இனிமேல் ஓடுகிற வண்டியில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓடாத வண்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கலாம் இல்லையா, அதனால் இங்கே வந்து சேர்ந்தேன்.

சேர்க்கும்போதே முதலாளி கறாராகப் பேசிவிட்டார். காரைப் பார்த்துக்கொள்ள மெக்கானிக் ஜாகீர் பாய் இருக்கிறார், என் வேலை மாடியில் யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. வருகிறவர்கள் எல்லாம் காருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடுகிறார்கள், மாடியில் ஏசி மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பொங்கல் வரை பார்ப்பாராம். அதற்குள் ஜனங்கள் மாடி ஏறவில்லை என்றால் படங்களைச் சென்னையில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மாடியைக் காதுகுத்து, வளைகாப்பு ஹாலாக்கிவிடுவாராம். அப்புறம் எனக்கு வேலை இல்லை. என் மனைவியோ கோலியனூர் முழுக்க ‘அவரு மியூசியத்துல ஆபீசர்’ என்று சொல்லி முடித்திருந்தாள்.

ஜவுளிக்கடையில் புடவையைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறவர்கள், பேங்கில் ‘அடுத்த கவுன்டருக்குப் போங்க’ சொல்கிறவர்கள், நாள் முழுக்க நின்றபடி ஜனங்களோடு மாரடிக்கிற எல்லாப் புண்ணியவான்களும் என் கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

பின்னாடி காலியா இருக்கு

முதல் நாள். திண்டிவனத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேனில் வந்து இறங்கியது. வாசலிலேயே முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். பத்தொன்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? என்னையறியாமல் கதவைத் தட்டி, “உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி காலியா இருக்கு, படியில நிக்காதீங்க” என்று குரல் கொடுத்துவிட்டேன். அத்தனை பேரும் அரண்டு போய் உள்ளே நகர்ந்தார்கள். ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் மேலே கம்பியைத் தேடினார். ஜாகீர் பாய் ஒரு காரின் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அன்றைக்கு வைத்த பேர்தான் கண்டக்டர். இன்றுவரை முதலாளி உட்பட யாரும் என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் என் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தார். எனக்கும் பார்த்த முகமாகத்தான் இருந்தது. கூட்டேரிப்பட்டில் நிறுத்தச் சொல்லி அவர் கெஞ்சக் கெஞ்ச, இது எக்ஸ்பிரஸ் நிற்காது என்று சொல்லித் திண்டிவனம் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் அசடு வழிய, சார், மாடியில படம் இருக்கு, வாங்க காட்டறேன் என்றேன். அவர் மாடிப்படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்:

“வேணாங்க. உங்கள நம்பி ஏறுனா நான் சொல்ற எடத்துல எறக்க மாட்டீங்க.”

எலுமிச்சம்பழம்

புது கார் வாங்கினால் மயிலம் கோயிலில் பூஜை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூஜை முடிந்து வரும் வழியில் ஒரு புருஷன் பெண்டாட்டி எங்கள் மியூசியத்துக்கு வந்தார்கள். புது வண்டி வெளியில் மாலையோடு நிற்கிறது. அந்தம்மா கையில் இன்னும் குங்குமப் பொட்டலமும் மிச்ச எலுமிச்சம்பழமும். ஜாகீர் பாய் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், கயிற்றுக்குள் குனிந்து போய், எண்பது வயசான கறுப்புக் காரின் இரண்டு ஹெட்லைட்டுக்கும் பொட்டு வைத்து, முன் சக்கரத்துக்குக் கீழே பழத்தையும் வைத்துவிட்டார். பாய் அந்தப் பெயிண்டைத் துடைக்கும்போது மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவார். முகம் சிவக்க ஓடி வந்தார்.

நான் என் பங்குக்கு, ஏம்மா இப்படிப் பண்ணீங்க என்று கேட்டேன். இத்தனை வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் இருக்கிற வண்டிக்கு எவ்வளவு கண் பட்டிருக்கும், அதற்குப் போய் ஒரு பொட்டுக்கூட வைக்காமல் வைத்திருக்கிறீர்களே என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார். பாய்க்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. குங்குமத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். பழத்தை மட்டும் எடுக்கவில்லை, அது காய்ந்து சுருங்குகிற வரை அங்கேயே இருந்தது. சரி, நல்ல மனுஷியாக இருக்கிறார், கூப்பிட்டால் வருவார் என்று நம்பி மாடிக்கு அழைத்தேன். புருஷன்காரர் ஏற ஒரு கால் எடுத்து வைத்தும்விட்டார். அந்தம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்:

“மேல காரா, படமா? படம்னா நம்ம வூட்டு காலண்டர்லயே கீது, வாங்க.”

அம்புக்குறி

ஆயுதபூஜை தாண்டிவிட்டது. மாடி அப்படியே காலி. அப்போதுதான் ஒரு குறுக்கு யோசனை வந்தது. கழிப்பறை எங்களிடம் இரண்டு. ஒன்று கீழே, ஷெட்டுக்குப் பின்னால். இன்னொன்று மாடியில், படங்கள் மாட்டிய ஹாலின் கடைசிக் கோடியில். கீழே பின்பக்கம் காட்டிக்கொண்டிருந்த அம்புக்குறி போர்டை ஸ்க்ரூ கழற்றி மேலே பார்க்கத் திருப்பிவிட்டேன். நெடுஞ்சாலையில் போகிற எல்லா வண்டியும் எதற்கு நிற்கும் என்று கண்டக்டருக்குத் தெரியாதா?

அன்றைக்கே மாடியில் திருவிழாக் கூட்டம். முதலாளி ஆபீஸ் அறையில் கேமராவில் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார். இரண்டு நாள் பூரித்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, ஜனங்கள் வருவது சரி, ஏன் எல்லாரும் இவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், ஒருத்தர்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பவில்லையே என்று சந்தேகப்பட்டார். அவரே மாடிக்கு வந்து, எதிரே வந்த ஒரு லாரி டிரைவரிடம் படங்கள் எப்படி என்று கேட்டுவிட்டார். வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே அந்த மனுஷர் மனசாட்சியோடு பதில் சொன்னார். அம்புக்குறி அன்று சாயங்காலமே பழையபடி திரும்பிவிட்டது.

“படமெல்லாம் நல்லாதான் கீதுங்க. ஆனா அவசரத்துல பாக்கற மாதிரி இல்ல.”

மரக்காணத்தில் மாலை

மார்கழி வந்துவிட்டது. பொங்கலுக்கு எண்ணிச் சில வாரம். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மகளிர் குழுப் பெண்கள் பதினைந்து பேர், விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் போய்விட்டுத் திரும்பும்போது வேனை நிறுத்தினார்கள். டிரைவர் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். கீழே காரெல்லாம் பார்த்தாயிற்று, வெயில் வேறு. மேலே ஏசி இருக்கிறது என்று சொன்னேன், அவ்வளவுதான். எல்லாரும் ஏறிவிட்டார்கள். நான் சொல்லாமல் விட்டது படத்தைப் பற்றி.

ஹாலுக்குள் நுழைந்ததும் எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு கடல் படம். முதலாளியின் உயிர் அது. சிவந்த சூரியன் பாதி கடலுக்குள் இறங்கியிருக்கும். தண்ணீரெல்லாம் தங்கம். கரையில் குடிசை, கடலைப் பார்த்து நிற்கிற கட்டுமரங்கள். கீழே ‘மரக்காணத்தில் மாலை’ என்று பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கும். உங்க ஊருதாம்மா என்று தகட்டைப் படித்துக் காட்டினேன். தனலட்சுமி என்று ஒரு அம்மா, மீன் கூடை சுமந்து சுமந்து தோள் அகன்றவர், படத்துக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். ஒருத்தர் காதில் இன்னொருத்தர் சொல்ல, பதினைந்து பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. பத்தொன்பது வருஷம் ரோட்டையே பார்த்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? அவர்தான் எனக்குப் பாடம் நடத்தினார்:

“எங்க ஊர்ல சூரியன் கடல்ல ஏறும், உப்பளத்துல எறங்கும். இந்தாளு எந்தப் பக்கம் பாத்துக்கினு வரைஞ்சாரு?”

சொல்வதைக் கேளுங்கள். டயர் மாற்றி முடித்து டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஒருத்தரும் இறங்கவில்லை. ஒரு படத்தில் தப்பு இருந்தால் மற்றதிலும் இருக்கும் இல்லையா? ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று, மூக்கு உரசாத குறையாகத் தேடினார்கள். வலையின் கண் சரியாக இருக்கிறது என்று ஒரு படத்தைப் பாராட்டினார்கள். கூடையில் இருக்கிற மீன் இன்ன மீன் என்று இரண்டு பேருக்குள் சண்டையே வந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மாடியில் ஜனம். கயிற்றைத் தாண்டி ஒரு கை வரவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம், பரவாயில்லை.

முன்னோக்கி ஒரு நடவு

மறுநாளிலிருந்து வாசலில் என் வசனம் மாறிவிட்டது. ‘மாடியில படம் இருக்கு’ என்பதை விட்டுவிட்டேன். ‘மாடியில படத்துல ஒரு தப்பு இருக்கு, உங்களால கண்டுபிடிக்க முடியாது’ என்று மெதுவாகப் போட்டுவிடுவேன். அதற்கப்புறம் எவனாவது கீழே நிற்பானா? கோலியனூர் பக்கம் கழனி வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் கடல் படத்துக்குக் கூட்டிப்போனால், அவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்து நாற்று நடவுப் படத்தில் போய் நின்றுவிட்டார்கள். நடவு நடுகிறவர்கள் பின்னால் பின்னால் காலெடுத்து வைத்து நகர்வார்கள். நட்ட வரிசை எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். படத்தில் நட்டதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஐந்து மாசமாக உட்கார்ந்திருக்கிறேன், கழனிக்காட்டு ஊரில் பிறந்தவன் வேறு. வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பெண்களில் மூத்தவர் தீர்ப்புச் சொன்னார்:

“முன்னாடி போய்க்கினே நட்டா நட்டத மிதிச்சிக்கினுதான் போவணும். படம் வரைஞ்சவரு வூட்ல கடை அரிசிதான் போல.”

பாய் மாடி ஏறினார்

என்ன சத்தம் மேலே என்று ஜாகீர் பாய்க்குப் பொறுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். மற்றதெல்லாம் விட்டுவிட்டு, ஜமீன் வீட்டு வாசலில் கார் நிற்கிற படத்துக்கு நேராகப் போனார். அரை மணி நேரம் அசையவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார், குந்தி உட்கார்ந்தும் பார்த்தார். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன், அது ஆறிப்போனது. கடைசியில் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், எக்ஸாமில் பாஸ் ஆன சிரிப்பு. அன்றிலிருந்து கீழே கார் பார்க்க வருகிறவர்களை அவரே மாடிக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

“ஸ்டியரிங் போட்டுட்டாரு கண்டக்டர், மட்கார்டுக்குள்ள வீலு திரும்ப எடம் உடல. இந்த வண்டி நேராவே போய்க்கினு இருக்கணும்.”

முதலாளி பின்னால் நின்றார்

நல்லது நடந்தால் நமக்கு நீடிக்காதே. சென்னையிலிருந்து ஓவியம் தெரிந்த ஒருவர் வந்திருந்தார். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் படத்துக்கு முன்னால் சிரிப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். கீழே போய் முதலாளியிடம், உங்கள் ஆளே வாசலில் நின்று படத்தில் தப்பு இருக்கிறது என்று கூவுகிறான், இது ஓவியத்துக்கு அவமானம் என்று வத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். போகிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. முதலாளி மாடிப்படி ஏறி வருகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, சீட்டு கிழிந்தது என்று.

அந்த நேரம் பார்த்துத் தனலட்சுமி அம்மா மறுபடியும் வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர், அப்படியெல்லாம் எவனும் வரைந்திருக்க மாட்டான், நீ சரியாகப் பார்க்கவில்லை என்று பந்தயம் கட்டியிருக்கிறார். அவரையும் இழுத்துக்கொண்டு, குப்பத்து ஆட்கள் பத்துப் பேரோடு பஸ் ஏறி வந்துவிட்டார். வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவேளை இது காலைச் சூரியனாக இருக்கலாம், தகட்டில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றார். தனலட்சுமி அம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே விரலை நீட்டிக் கட்டுமரத்தைக் காட்டினார். சூரியன் மேலே வந்த பிறகு கரையில் வந்து சேருகிற மரம்தான் இருக்கும், இது புறப்படுகிற மரம், மூக்கு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்துக்குப் புறப்படுகிறவன் என்னத்தைப் பிடிப்பான் என்று கேட்டார். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். வீட்டுக்காரர் தோற்றுப்போய் தலையைச் சொறிந்தார்.

முதலாளி கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் முன்னால் வந்தார். அவர் யார் என்று அந்தம்மாவுக்குத் தெரியாது. அப்போ இந்தப் படம் பொய்யா அம்மா என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஏதோ சொந்தக்காரரைப் பற்றித் தப்பாகக் கேள்விப்பட்டவர் மாதிரி இருந்தது. அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்:

“பொய்யின்னா ரெண்டாந்தபா பஸ் ஏறி வருவமாங்க? அலையப் பாருங்க, கால் நனையுது. சூரியன் மட்டுந்தான் வழி தெரியாம வந்துட்டுது.”

பித்தளைத் தகடு

அன்று எல்லாரும் போன பிறகு முதலாளி அந்தப் படத்துக்கு முன்னால் என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வீட்டுக்கு என்ன சொல்லலாம், ‘ஆபீசர்’ பட்டத்தை எப்படித் திருப்பிக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் திடீரென்று சிரித்தார். திண்டிவனத்திலேயே பிறந்து, மாசம் ஒரு தடவை மரக்காணம் போய் வந்தும், பன்னிரண்டு வருஷமாகத் தினம் இந்தப் படத்தைப் பார்த்தும், தனக்கு இது தோன்றவில்லையே என்றார். சூரியனைப் பார்த்தேனே தவிரக் கடலைப் பார்க்கவில்லை போல என்றார். படங்கள் எங்கேயும் போகவில்லை, காதுகுத்து நடத்துகிறவர்கள் வேறு மண்டபம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் முட்டிவலியே மறந்துபோய், படியில் இரண்டு இரண்டாக இறங்கிவிட்டேன். அடுத்த ஒரு வாரம் அதற்கு அனுபவித்தேன்.

பொங்கல் கழித்துப் பழைய தகட்டுக்குக் கீழே புதுசாக இன்னொரு தகடு வந்தது. முதலாளியே கடையில் சொல்லி எழுத்து அடித்து வாங்கி, ஜாகீர் பாய் கையால் மாட்டவைத்தார். ‘சூரியன் வழி தெரியாமல் வந்துவிட்டது. கண்டவர்: தனலட்சுமி, மீன் வியாபாரம்’ என்று எழுதியிருந்தது. நடவுப் படத்துக்கும் கார் படத்துக்கும்கூடத் தகடு வந்தது. பாய் தன் பேரைத் தினம் காலையில் கார் துடைக்கிற துணியால் துடைத்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறார்.

தனலட்சுமி அம்மாவை ஒரு நாள் வரவழைத்துத் தகட்டைக் காட்டினோம். படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தகட்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். மியூசியத்தில் யாரையும் எதையும் தொடவிடாத நான், கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அவர் தன் பேர் இருந்த இடத்தை ஒரு விரலால் மெதுவாகத் தடவினார். அப்புறம் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, படத்தை மறுபடியும் ஒரு சுற்றுப் பார்த்தார்:

“கண்டக்டரே, அந்தக் குடிசை வாசலும் தப்பா கீது. இன்னொரு தகடு சொல்லிடுங்க.”

தொண்டை கிழிய ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று பத்தொன்பது வருஷம் கத்தியும் நகராத ஜனம், ‘இதுல ஒரு தப்பு இருக்கு’ என்று காதோடு சொன்னால் மாடி ஏறி வருகிறது என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால், என் பஸ்ஸில் படிக்கட்டில் ஒருத்தரும் தொங்கியிருக்க மாட்டார்கள்.